நெருங்கி முளைக்கும் பற்கள்

கணக்குப் பார்வையின் பொருட்டுக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் ஏழு வயது மகளைக் கண்டோம். சொத்தை விழுந்த கடைவாய்ப் பால்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தனர். "விழப்போகிற பல்தானே ஐயா!" என்றார் தந்தை.

அவ்வெண்ணமே பிழை. பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது பால்பல்லின் கடமை. கடைவாய்ப் பால்பல் விழவேண்டிய வயது 10 முதல் 12. அது முன்னரே போய்விட்டால், 6 வயதில் முளைத்த நிலைப்பல் முன்னோக்கி நகர்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் பல், நெருக்கி நட்ட நாற்றைப்போல் வரிசை விலகி நிற்கும். தாடை சிறுத்துப் பல் பெருத்திருப்பது குலவழியாக வருவதும் உண்டு. அதற்கு யாரும் பொறுப்பல்லர். கள்ளக்குறிச்சிக் கரும்பைக் கடித்துத் தின்றால் தாடை வலுக்குமே என்பீர்கள். வாய் கொப்பளிக்காவிடில் சொத்தையும் வலுக்கும்!

நெருங்கிய பற்களைக் கம்பி கட்டிச் சீராக்கலாம். மெல்ல அழுத்தும்போது, அழுந்தும் பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்கிறது. ஆதலால் அவசரம் உதவாது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். இடம் போதாதபோது சில பற்களை எடுப்பதும் உண்டு. கம்பியைக் கழற்றியபின், மருத்துவர் தரும் காப்புக்கருவியை அணியாதவர்க்குப் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பும்.

நமக்கு எட்டும் தொலைவில், அண்ணாமலைநகரில் 1980இல் தொடங்கி இப்போது அரசின்கீழ் நடைபெறும் பல் மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சைக்குத் தனிப்பிரிவு உள்ளது. ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுதல் நலம்.

அச்சிறுமிக்கு, இடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றே போதுமானதாயிற்று. ஒருநாள் கூலி போயிற்றென்று தந்தைக்கு மட்டும் இன்னும் குறை.