லேசருக்குள் ஒரு விளக்கு

1960இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை எரியவைத்தபோது, அதைத் தூண்டியது ஒரு ஃபிளாஷ் விளக்கு. விளக்கு பளிச்சிட்டால்தான் உள்ளிருந்த மாணிக்கத் தண்டு லேசர் ஒளியை உமிழும். இரண்டே ஆண்டுகளில் விளக்கு தேவையற்றுப்போனது. காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் நேராக மின்சாரத்தைப் பாய்ச்சி லேசர் ஒளியை வரவழைத்தார் ராபர்ட் ஹால். இன்று கடலடி இழைகளில் தகவல் சுமப்பவை அந்த வம்சத்து லேசர்கள்தாம்.

பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

1839இல் உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தின் பெயர் அது. ஆய்வகங்களில் இன்று அந்தப் பெயரில் புழங்குவது அதே படிக அமைப்புள்ள செயற்கைப் பொருள். பெரும்பாலும் ஈயத்தோடு அயோடினோ புரோமினோ சேர்ந்தது. கரைசலாக்கிப் பூசிக் காயவைத்தாலே நல்ல படலம் கிடைத்துவிடும். கலவையை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறும். 2014இல் கேம்பிரிட்ஜிலும் சிங்கப்பூரிலும் இதை லேசராக ஒளிரவைத்தார்கள். ஆனால் அதைத் தூண்ட இன்னொரு லேசர் வேண்டியிருந்தது! அடுப்பு பற்றவைக்க எரியும் அடுப்பு வேண்டும் என்பதுபோல.

மின்சாரத்தை நேராகப் பாய்ச்சினால் என்ன? எல்.இ.டி. விளக்குக்குப் போதுமான மின்னோட்டம் லேசருக்குக் காணாது. பல மடங்கு கூட்ட வேண்டும். கூட்டினால் படலம் சூடேறும். மென்மையான அந்தப் படிகத்துக்குள் அயனிகள் இடம்பெயரும். ஒளியாக வேண்டிய ஆற்றல் வெப்பமாகக் கரையும். போதாக்குறைக்கு, மின்சாரம் கொண்டுவரும் உலோக மின்முனையே ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

2025இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது. ஒரே கருவியில் இரண்டு ஒளியறைகள். ஒன்றில் பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி.; மின்சாரம் பாய்வது அதில்தான். அதன் ஒளி அடுத்த அறையிலுள்ள பெரோவ்ஸ்கைட் ஒற்றைப் படிகத்தில் பாய்ந்து லேசரைத் தூண்டுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 92 ஆம்பியர் மின்னோட்டத்திலேயே லேசர் தொடங்கியது. துடிப்புகளாக இயக்கியபோது, ஒளி பாதியாகக் குறைய 1.8 மணி நேரம் ஆனது.

கறாராகப் பார்த்தால், லேசர் தரும் படிகத்தை மின்சாரம் தொடவே இல்லை. மைமனின் விளக்குதான் சுருங்கிக் கருவிக்குள் குடிபுகுந்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து போவது மின்சாரம், வருவது லேசர். சில்லு செய்பவருக்கு வேண்டியது அதுதானே? 1.8 மணி நேரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கத் தோன்றலாம். ஹாலின் லேசரும் கடுங்குளிரில், துடிப்புத் துடிப்பாகத்தான் எரிந்தது. அந்த வகை லேசர் அறை வெப்பநிலையில் விடாமல் எரிய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.