திறக்க முடியாத உறுதி

மடிக்கணினி வாங்கப் போனால் உடல் உறுதியாக இருக்கிறதா என்றுதான் முதலில் தட்டிப் பார்க்கிறோம். அலுமினிய உடல் பத்தாண்டு தாங்கலாம். உள்ளே இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி தாங்காது. சில நூறு முதல் ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு கணிசமாகக் குறைந்துவிடும். அதன் வேதியியல் அப்படி. தேயப்போகும் பாகம் எதுவென்று முன்பே தெரிந்திருந்தும், அதையே பசை போட்டு ஒட்டிவிட்டு ‘நீடித்து உழைக்கும்’ என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆப்பிள் 2012இல் கொண்டுவந்த ரெட்டினா மேக்புக் புரோவில் பேட்டரி ஒட்டப்பட்டிருந்தது; ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தது. பழுதுபார்க்கும் வசதிக்கு ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்தான் தந்தது. மெலிந்த மடிக்கணினிகள் பலவும் பிறகு அந்த வழியிலேயே போயின. ரேம் கெட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். அதன் விலையைக் கேட்டவர் புதியதே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பதில் வியப்பில்லை.

சால்டர் செய்தால்தான் வேகமும் மின்சிக்கனமும் கிடைக்கும் என்பது நிறுவனங்களின் வாதம். இதில் உண்மை உண்டு: ரேம் செயலிக்கு அருகில் இருந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆனால் அதே வகை ரேமைத் திருகாணியால் பொருத்தும் எல்பிகேம்2 முறை வந்துவிட்டது. லெனோவோ 2024இல் திங்க்பேட் பி1 மாடலில் அதைப் பயன்படுத்தியது. ஆக, தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. பேட்டரியை ஒட்டுவதற்கு இந்தச் சமாதானமும் கிடையாது.

பழையதை மறுசுழற்சிக்குக் கொடுத்தால் போயிற்று என்பார்கள் சிலர். ஐ.நா. அறிக்கையின்படி 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். அந்தப் பங்கு உயர்ந்தாலும் செம்பு, தங்கம் போன்ற உலோகங்கள்தான் மீளும். சில்லைச் செய்யச் செலவிட்ட மின்சாரமும் நீரும் மீளாது. ஒரு மடிக்கணினியின் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி அது நம் கைக்கு வருமுன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே இருப்பதை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதுதான் பெரிய மிச்சம்.

அப்படி ஓட்ட, எதைப் பழுதுபார்க்க முடியும் என்று வாங்கும்போதே தெரிய வேண்டும். பிரான்ஸ் 2021 ஜனவரியில் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுதுநீக்க மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. பிரித்தெடுப்பது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்றெல்லாம் கணக்கிட்டுப் பத்துக்கு இத்தனை என்று விலைக்கு அருகிலேயே காட்ட வேண்டும். மதிப்பெண்ணை நிறுவனமே கணக்கிட்டுக்கொள்வது இதன் பலவீனம். ஆனாலும் அது வெளிப்படையாக இருப்பதால் எவரும் கேள்வி கேட்கலாம். இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் பழுதுபார்க்கும் வசதி பற்றிய தகவல் கடையில் விலைச்சீட்டின் பக்கத்திலேயே இருந்தால்தான் வாங்குபவர் பணம் கட்டுமுன் இரண்டு மாடல்களை ஒப்பிட முடியும்.