படிவத்தில் ஒளிந்து வரும் கட்டளை

பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுக்கள் பெறும் முறை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்ததே. மனுவில் எது எழுதப்பட்டிருந்தாலும் அது மனுவே. அதன்மீது தலைவர் எழுதிக் கையொப்பமிடுவதுதான் உத்தரவு. மனுதாரர் ஒருவர் தமது கோரிக்கையின் அடியில், 'பீரோச் சாவியை இதைக் கொண்டுவருபவரிடம் கொடுக்கவும்' என்று தாமே எழுதி அனுப்பினாரென்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மனுவைக் கோப்பில் சேர்ப்பாரேயன்றிச் சாவியைக் கொடுக்கமாட்டார். இந்தப் பகுத்தறிவு கணிப்பொறிக்குக் கிடையாது. இணையத் தளப் படிவங்களின் வழியாக நேரும் ஒருவகைத் தீங்கு இக்குறையிலிருந்தே பிறக்கிறது. 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்னும் அதன் பெயர் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. பெயரைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை, விஷயம் எளியதே.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சங்கங்களும் இன்று சொந்தமாக இணையத் தளம் வைத்துக்கொள்கின்றன. விதைக்கு முன்பதிவு செய்யவும், குறைகளைத் தெரிவிக்கவும் அவற்றில் படிவங்கள் உண்டு. இத்தகைய தளங்கள் பெரும்பாலும் 'வேர்ட்பிரஸ்' போன்ற ஆயத்த அமைப்புகளைக் கொண்டு கட்டப்படுகின்றன. படிவத்துக்கென 'பிளகின்' என்ற தனி உறுப்பு கிடைக்கும். ஏரில் கொழுவைப் பொருத்துவதுபோல் அதைத் தளத்தில் பொருத்திக்கொள்ளலாம். கொழு பழுதானால் உழவின்போதே தெரிந்துவிடும். பிளகின் பழுதானால் வெளிக்குத் தெரியாது.

இணையப் பக்கம் என்பது படிக்கும் எழுத்துகளும் செய்விக்கும் கட்டளைகளும் கலந்த ஓர் ஏடு. கோணக்குறிகளுக்கு இடையே 'ஸ்கிரிப்ட்' என்ற சொல் வருமாயின், அதனைத் தொடர்ந்து வருவது செய்தியன்று, செய்ய வேண்டிய வேலை என்று பிரவுசர் கொள்ளும். விஷமி ஒருவன் படிவத்தில் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில், இக்குறிகளுடன் ஒரு கட்டளையை எழுதி அனுப்புகிறான். குறையுள்ள பிளகின் அதை அப்படியே சேமித்து வைக்கிறது. மறுநாள் சங்கச் செயலாளர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்று, வந்துள்ள விண்ணப்பங்களைத் திறக்கிறார். அக்கணமே கட்டளை அவருடைய பிரவுசரில் இயங்குகிறது. அவருக்குள்ள அதிகாரம் அனைத்தும் அதற்கும் உண்டு. தளத்தில் புதிய நிர்வாகி ஒருவரைச் சேர்க்கலாம். முன்பணம் செலுத்தும் பக்கத்திலுள்ள வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வைக்கலாம். விதைக்காகக் குடியானவர் அனுப்பும் பணம் வேறொருவன் கணக்கில் போய்ச் சேரும். செயலாளரோ தாம் எதையும் தொடவில்லை என்பார், அது உண்மையுங்கூட.

இது எவ்வளவு விரைவாகப் பரவக்கூடும் என்பதற்கு 2005 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்தது சான்று. 'மைஸ்பேஸ்' தளத்தில் சாமி கம்கர் என்ற இளைஞர் தம்மைப் பற்றிய குறிப்பினுள் இவ்வாறு ஒரு கட்டளையை வைத்தார். அதைப் பார்த்தவர் குறிப்பிலெல்லாம் அது தானே படியெடுத்துக்கொண்டது. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பக்கங்களில் அது புகுந்துவிட்டது. விளையாட்டாகச் செய்ததே எனினும், பின்னர் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கட்டளை சேமிக்கப்படாமலே தீங்கு செய்யும் வகையும் உண்டு. ஓர் இணைப்பினுள் கட்டளையைப் பொதிந்து அனுப்பி, நிர்வாகியை அதைச் சொடுக்கச் செய்வது அதன் வழி. பல லட்சம் தளங்களில் உள்ள 'நிஞ்சா ஃபார்ம்ஸ்' என்னும் படிவப் பிளகினின் 3.6.25 வரையிலான பதிப்புகளில் இத்தகைய குறை இருந்ததாக 2023 ஜூலையில் வெளியிடப்பட்டது. திருத்திய 3.6.26 பதிப்பு அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. குறை இன்னதென்று அறிவிக்கப்பட்டால் அதை விஷமிகளும் படிப்பார்களல்லவா? ஆகவே புதுப்பிக்காதிருந்த தளங்களுக்கே அபாயம் மிகுதி.

பரிகாரத்தின் பெரும்பகுதி பிளகின் எழுதுவோர் கையில் உள்ளது. வந்த எழுத்தைத் திரையில் காட்டுமுன், கோணக்குறியைக் கட்டளைக் குறியாக விடாது, அதன் உருவை மட்டும் காட்டும் மாற்றெழுத்தாக ஆக்கிவிட வேண்டும். உள்ளே வரும்போது வடிகட்டினால் போதும் என்பர் சிலர். நமக்கு அது உடன்பாடில்லை. தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் எண்களை மட்டும் ஏற்பது நல்லதே. ஆனால் குறைகளை விவரிக்கும் கட்டத்தில் எதையும் எழுதலாமாதலால், காட்டும் இடத்தில்தான் காவல் அவசியம்.

நம் பொறுப்பில் உள்ளது பராமரிப்பு. தளத்தின் திறப்பு விழாவுக்கு நாள் பார்க்கிறோம். அதைப் புதுப்பித்துவர ஆள் பார்ப்பதில்லை. தளம் அமைப்பவருடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே பிளகின்களை உடனுக்குடன் புதுப்பிக்கும் பொறுப்பை எழுதி வாங்குதல் வேண்டும். உபயோகமற்ற பிளகினை நிறுத்தி வைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். விண்ணப்பங்களைப் படிக்கும் ஊழியருக்கு நிர்வாகியின் முழு அதிகாரம் எதற்கு? படிக்கும் அளவுக்கு அதிகாரம் கொடுத்தால், கட்டளை ஒளிந்து வந்தாலும் அது செய்யக்கூடிய தீங்கு சுருங்கும்.

சந்தேகம் எழுந்தால் அந்த விண்ணப்பத்தை அழித்துவிடலாகாது, அதுவே சாட்சி. நிர்வாகிகள் பட்டியலில் அறியாத பெயர் உண்டாவென்று முதலில் பார்த்து, இருந்தால் குறித்துக்கொண்டு அதன் அதிகாரத்தைப் பறிக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணைப் பழைய ரசீதுடன் ஒத்துப்பார்த்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுவது அடுத்த வேலை. இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்னும் மத்திய அரசு அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டுமென்று 2022-இல் உத்தரவு பிறந்துள்ளது. எவருடைய பணமேனும் போயிருப்பின், அவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும்.