இரண்டு நொடியும் இரண்டு இரவும்

செம்பாக்கத்தில், தாம்பரம்–வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மாடி அறை. அங்கே துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் வாழ்வைக் குறும்படமாக்கினர் தோழர்கள் சிலர். வெட்டினர், ஒட்டினர், "முடிந்தது" என்று ஒலிக்கூடத்துக்கு அனுப்பினர். நாமும் உடனிருந்தோம், ஆகவே குற்றத்திலும் நமக்குப் பங்குண்டு.

என்ன குற்றம்? அனுப்பிய பிறகு ஓர் ஆசை! நடுவிலே இரண்டு நொடியைக் குறைத்தோம். இரண்டே நொடிதானே என்றோம். நொடிக்கு 24 பிரேம். இரண்டு நொடிக்கு 48. அதற்குப் பின் வந்த பேச்சு, காலடி, கதவொலி, இசை அத்தனையும் 48 பிரேம் பின்தங்கின. தாய் வாயை மூடினாள். பிறகு குரல் கேட்டது! அழவேண்டிய காட்சியில் சிரித்தோம். சிரிக்காதவர் ஒருவர், ஒலிக்கூடத் தோழர். அவர் இரண்டு இரவு கண்விழித்துச் சரிசெய்தார். நமக்கு இரண்டு நொடி. அவருக்கு இரண்டு இரவு!

1931ல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. அதே ஆண்டு 'காளிதாஸ்' வந்தது; தமிழ்ப்படம் வாய் திறந்தது. 1952ல் 'பராசக்தி' வந்தது. அதன் நீதிமன்றக் காட்சியிலே உதடும் சொல்லும் அரை நொடி விலகியிருந்தால்? அனல் கக்கிய வசனம் கேலிப் பொருளாகியிருக்காதா?

ஒப்படைப்புக்கும் ஒழுங்கு உண்டு, தோழர்களே! முதலில் படத்தொகுப்பைப் பூட்டு. பூட்டியபின் கை வைக்காதே. பார்வைப் பிரதியில் ஓடும் டைம்கோடு தெரியட்டும். படம் தொடங்க இரண்டு நொடி முன்னே, ஒரு பிரேம் அளவு 'பீப்' ஒலி இருக்கட்டும்; படமும் ஒலியும் கைகோக்கும் இடம் அதுதான். பேச்சு வேறு, பின்னணி ஓசை வேறு, இசை வேறு எனத் தடம் பிரித்து, ஏ.ஏ.எஃப். கோப்பாகக் கொடு. ஒவ்வொரு ஒலித்துண்டின் இரு முனையிலும் சில நொடி மிச்சம் விடு. துணியில் தையலுக்கு இடம் விடாதவன் தையற்காரனைத் திட்டலாமா? மாற்றியே தீரவேண்டுமா? எந்த இடத்தில், எத்தனை பிரேம் என்று எழுதிக் கொடு. வாய்மொழி போதாது.

பச்சைக்கொடி காட்டிய பிறகு தண்டவாளத்தைத் திருப்புவானா ரயில்வேத் தோழன்? திருப்பினால் கவிழ்வது வண்டி. இங்கே கவிழ்வது ஒரு தொழிலாளியின் உறக்கம்.

திரையில் ஒலிக்கலைஞர் முகம் தெரிவதில்லை. பெயர் ஓடும்போது பாதிப்பேர் எழுந்துவிடுகிறோம். தொழிலாளியின் துயரைப் படமாக்க வந்த நாம், பக்கத்து அறைத் தொழிலாளிக்குத் துயரம் தரலாமா? அடுத்தவன் கையில் வேலையை ஒழுங்காகக் கொடுப்பதும் தோழமைதான். அதை நாம் செம்பாக்கத்தில் கற்றோம், சற்றே தாமதமாக!