ராஜா தாடி டிரிம் பண்றார்!

ராஜசபை ஓவியம்னா என்ன எதிர்பார்ப்போம்? சிம்மாசனம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், சுற்றிலும் கைகட்டி நிற்கிற கும்பல். ஜஹாங்கீர், ஷாஜகான் காலத்து மொகலாய மினியேச்சர்களில் பெரும்பாலும் இந்த பில்ட்-அப்தான்.

ஆனா, 18-ம் நூற்றாண்டில் ஒருத்தர் வேற ரூட்டில் போனார். பெயர் நைன்சுக். 'கண்ணுக்கு இன்பம்'னு அர்த்தம். இன்றைய இமாச்சலில் இருக்கும் குலேர்தான் சொந்த ஊர். அப்பா பண்டிட் சேவு, அண்ணன் மனக்கு... எல்லோருமே ஓவியர்கள். 1740-களில் நைன்சுக் வேலைக்குச் சேர்ந்தது, ஜம்மு பக்கத்து குட்டி ராஜ்யமான ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங்கிடம்.

அங்கேதான் மேட்டரே! பல்வந்த் தாடி டிரிம் பண்ணிக்கொள்கிறார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து லெட்டர் எழுதுகிறார். குளிருக்குப் போர்வைக்குள் புதைந்து கிடக்கிறார். அத்தனையும் அணில் முடி பிரஷ்ஷில், சின்னத் தாளில்! போஸ் கொடுக்காத நேரத்தில் ஃப்ரெண்டு எடுத்த போட்டோ மாதிரி இருக்கும். ஜூரிச் நகரின் ரீட்பெர்க் மியூசியத்தில் உள்ள ஒரு படத்தில், பல்வந்த் ஓவியம் ஒன்றை ரசித்துப் பார்க்க, கூடவே நைன்சுக்கும் இருக்கிறார்.

சரி, இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரிந்தது? மலைநாட்டு ஓவியர்கள் பெரும்பாலும் படத்தில் பெயர் போடுவதில்லை. அதனால் 'குலேர் பாணி', 'காங்ரா பாணி' என்று ராஜ்யத்தின் பெயரையே ஒட்டி வந்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். சண்டிகர் பேராசிரியர் பி.என்.கோஸ்வாமி போய் நின்ற இடமோ, ஹரித்வார் பண்டாக்களின் வீடு! யாத்திரை வருகிறவர்களின் ஊர், அப்பா, தாத்தா பெயரையெல்லாம் தலைமுறை தலைமுறையாக நோட்டில் எழுதி வைப்பவர்கள் அவர்கள். அதைப் புரட்டிப் புரட்டி, ஓவியர்களின் குடும்ப மரத்தையே பிடித்துவிட்டார். 'பாணி என்பது ராஜாவுக்குச் சொந்தமில்லை, ஓவியர் குடும்பத்துக்குச் சொந்தம்' என்று 1968-ல் கட்டுரை எழுதி, பழைய கணக்கையே மாற்றிப்போட்டார்.

அந்த நோட்டுகளில் 1763-ம் வருடப் பக்கம் ஒன்று மனசை என்னமோ செய்யும். இறந்துபோன பல்வந்த் சிங்கின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க வந்த நைன்சுக், தன் கையாலேயே குறிப்பு எழுதி, சின்னதாக ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறார். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் செய்கிற காரியமா இது?

ஜஸ்ரோட்டா ராஜ்யம் இன்று இல்லை. பல்வந்த் ஜெயித்த போர் எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனா, அவர் தாடி டிரிம் பண்ணிக்கொண்ட ஒரு சாதாரண காலைப்பொழுது மட்டும் அப்படியே இருக்கிறது. நண்பன் ஓவியனா இருந்தா இதான் லாபம்!