திங்கட்கிழமைகளில் மட்டும் ஓயும் பற்றரி

எங்கள் வாப்பா பாடசாலை வேன் ஓட்டுகிறார். காலை 6 மணிக்கு வேன் புறப்படாவிட்டால் 14 பிள்ளைகள் வீதியோரத்தில் காத்து நிற்பார்கள். கடந்த வருடம் ஒரு திங்கட்கிழமை சாவியைத் திருப்பியபோது ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே வந்தது. அயல்வீட்டார் தள்ளித்தான் வேன் கிளம்பியது. அடுத்த திங்களும் அதே கதை. கராஜ்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பற்றரி மௌத்து, மாத்திருங்க” என்றார். உம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் புதிய பற்றரியும் ஒரு திங்கட்கிழமை காலையில் ஓய்ந்து கிடந்தது.

வாகனப் பற்றரிக்குள் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ற்று தருவதால், முழுதாக மின்னேறிய பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே இறங்கினால் அது பசித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மின் இறங்கும்போது உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் ஈயசல்பேற்று படிகிறது. மின்னேற்றினால் அது மீண்டும் கரைந்துவிடும். ஆனால் வெறுமையாகவே நாட்கணக்கில் விட்டால் அந்தப் படிவு கடினமான பளிங்காகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. பற்றரி ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் எங்கள் பற்றரியை வெறுமையாக்கியது எது? நானா தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறார். அவருடைய மல்ரிமீற்றரைக் கொண்டுவந்து இருவருமாகச் சோதித்தோம். முதலில் எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் அளந்தோம்: 14.2 வோல்ற்று. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் மின்னேற்றும் ஓல்ற்றனேற்றர் பொதுவாக நலம். 13க்கும் குறைவாக இருந்திருந்தால், அதன் பெல்ற்றையும் வயர்களையும் பார்த்திருப்போம். முனைகளில் வெண்பச்சைக் கறள் கொஞ்சம் இருந்தது. அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். ஆனாலும் அது காரணமாகத் தோன்றவில்லை. கறள் செவ்வாய்க்கிழமையும் இருக்குமே!

திங்கட்கிழமை என்பதுதான் துப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் நிறுத்தும் வேனை வாப்பா திங்கள் காலைதான் எடுப்பார். இடையில் 66 மணித்தியாலம். அணைந்து கிடக்கும் வேனில் ஏதோவொன்று மின்னைக் குடிக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, கதவுகளை மூடி, எதிர்முனை வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மானியை 10 அம்பியர் துளையில் தொடராக இணைத்தோம். இந்நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. எங்கள் தம்பி ஆவலில் திருப்பிவிட, மானியின் பியூஸ் போய்விட்டது! பியூஸ் மாற்றி மறுபடி பார்த்தபோது 0.9 அம்பியர். சாதாரணமாக 0.05க்கு மேல் ஓடக்கூடாது.

0.9ஐ 66ஆல் பெருக்குங்கள்: 59.4 அம்பியர் மணி. எங்கள் பற்றரியின் கொள்ளளவே 65! கிழமை நாட்களில் தினமும் ஓடுவதால் இழந்தது மீண்டும் ஏறிவிடுகிறது. வார இறுதியில்தான் குட்டு வெளிப்படுகிறது.

பின்னர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏழெட்டுக்கு மானி அசையவில்லை. பற்றரிக்கு அருகே தனியாகத் தொங்கிய ஒன்றை எடுத்ததும் 0.03க்கு விழுந்தது. பிள்ளைகளுக்காக வாப்பா பூட்டுவித்த பாட்டுப் பெட்டியின் அம்ப்ளிபயர் அது. பூட்டியவர் சாவியின் ஊடாக வயரை எடுக்காமல் பற்றரியிலிருந்தே நேராக எடுத்திருந்தார். பாட்டு நின்றாலும் அது விழித்தே இருந்திருக்கிறது.

இதையறிந்ததும் வாப்பாவுக்குப் பழைய பற்றரி நல்லதாகவே இருந்திருக்குமோ என்று கவலை. வீட்டுப் பின்புறம் கிடந்த அதை மெதுவாக மின்னேற்றினோம். 12.4 காட்டியது, எல்லோருக்கும் சந்தோசம். வேனில் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது 7 வோல்ற்றுக்குச் சரிந்தது. வகுப்பில் படித்த V = E − Ir இதுதான். ஸ்டார்ட்டருக்கு 200 அம்பியர் தேவை என்று வைத்துக்கொண்டால், அகத்தடை 0.01 ஓம் உள்ள பற்றரி 2 வோல்ற்றைத்தான் இழக்கும், 0.03 ஆனால் 6 வோல்ற்றை இழக்கும். ஆகவே சும்மா இருக்கும் பற்றரியின் வோல்ற்றளவை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். கராஜ்காரர் சொன்னது பொய்யல்ல. பற்றரி செத்துத்தான் இருந்தது. எது கொன்றது என்பதை அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். மின்னேறும்போது ஐதரசன் வெளியேறும். அருகில் நெருப்பு வேண்டாம். உள்ளிருப்பது சல்பூரிக்கமிலம், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் தகடுகள் வெளியே தெரியாதபடி காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். கிணற்றுநீரோ அமிலமோ விட வேண்டாம். நம் நாட்டு வெயிலில் நீர் விரைவாக வற்றும்.

அம்ப்ளிபயரின் வயரை நானா சாவியின் ஊடாக மாற்றினார். அடுத்த திங்கட்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் எல்லோரும் முற்றத்துக்கு வந்து நின்றோம். வாப்பா சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது, கூடவே பாட்டும்.