முன்னாள் படைவீரரின் இயலாமை ஓய்வூதியமும் மருத்துவரின் கருத்துச் சான்றும்

பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் மகளுடன் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வந்தார். அவருக்கு இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. இயலாமை ஓய்வூதியம் கோரி அவர் அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. அதனுடன் அவர் இணைத்திருந்த சான்று, முன்பு எங்கள் பிரிவே வழங்கியதுதான். 'இவருக்கு இரு காதுகளிலும் நரம்புவகைச் செவித்திறன் குறைபாடு உள்ளது' என்ற ஒரே வரி அதில் இருந்தது. அந்த வரியில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அது அவருக்கு உதவவில்லை. ஏன் உதவவில்லை என்பதை முன்னாள் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நல்லது.

கேட்கப்படும் கேள்வி எது?

நோய் இருக்கிறதா என்பது மட்டும் இங்கே கேள்வியன்று. அந்த நோய் படைப்பணியால் நேர்ந்ததா, அல்லது முன்பே இருந்து படைப்பணியால் மிகுந்ததா என்பதே முதன்மையான கேள்வி. அடுத்தது, இயலாமையின் அளவு எவ்வளவு என்பது. பணிக்காலம் முடிந்து ஓய்வுபெறுவோருக்குப் பொதுவாக அது 20 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் முதலில் மதிப்பிடுவது, படையிலிருந்து விலகும்போது கூடும் ராணுவ மருத்துவக் குழு. எங்களைப் போன்ற வெளி மருத்துவமனை மருத்துவர்கள் அந்த முடிவை வழங்க இயலாது. ஆனால் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும்போது, காரணங்களுடன் எழுதப்பட்ட சிறப்பு மருத்துவரின் கருத்து துணையாக நிற்கும். எங்கள் ஒருவரிச் சான்று நோயைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை.

கருத்துச் சான்றில் என்ன இருக்க வேண்டும்?

பயனுள்ள சான்று நான்கு செய்திகளைத் தெளிவாகக் கூறும்: நோயின் பெயரும் அதை உறுதிசெய்த பரிசோதனையும், மருத்துவர் படித்துப் பார்த்த பணிக்கால ஆவணங்கள், பணிச் சூழலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு, அத்தொடர்பை ஏற்பதற்கான மருத்துவக் காரணம். 'தொடர்பு இருக்கலாம்' என்று மட்டும் எழுதினால் அது யாரையும் நம்பவைக்காது. எதனால் அவ்வாறு கருதுகிறோம் என்பதை எழுதியாக வேண்டும்.

செவித்திறனையே எடுத்துக்கொள்வோம். பீரங்கி, துப்பாக்கி போன்றவற்றின் பேரொலி உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அழிக்கிறது. அழிந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. இவ்வகைப் பாதிப்பில், ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் வரைபடம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் சற்றே மேலேறும். முதுமையால் வரும் குறைபாட்டில் அந்தப் பள்ளம் தோன்றாது. வரைபடம் உயர் அதிர்வெண்களை நோக்கிச் சரிந்துகொண்டே செல்லும். ஆனால் வயது ஏற ஏற இரண்டும் கலந்துவிடுவதால், இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிரித்தறிவது கடினம். மேலும், பேரொலியால் நேர்ந்த இழப்பு, ஒலியிலிருந்து விலகிய பின் பொதுவாக மேலும் வளர்வதில்லை. எனவே பணிக்காலத்தில் எடுத்த பழைய வரைபடம் ஒன்று கிடைத்தால் அது விலைமதிப்பற்றது.

எங்களால் எழுத இயலாததையும் சொல்லிவிட வேண்டும். ஆவணத்தில் இல்லாததை எழுத இயலாது. தொடர்பு இல்லை என்று கருதினால் அதை மறைக்கவும் இயலாது. இரக்கத்தால் மிகைப்படுத்தி எழுதிய சான்று, அடுத்த பரிசோதனையிலேயே நம்பகத்தன்மையை இழக்கும். அதனால் நோயாளியின் உண்மையான கோரிக்கையும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும்.

சட்டம் தரும் துணை

2013-ஆம் ஆண்டில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதில் முக்கியமானது. படையில் சேரும்போது நோய் குறித்த பதிவு ஏதும் இல்லையெனில், அவர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை படைவீரர் மேல் இல்லை. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே சேர வேண்டும் என்று அது கூறியது. பின்னர் 2023-இல் விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே ஒருவர் படையிலிருந்து விலகிய நாளைப் பொறுத்து அவருக்குப் பொருந்தும் விதி மாறும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு குறிப்பிடப்பட்டிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மேல்முறையீடும் மறுக்கப்பட்டால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு சென்னையில் உள்ளது.

எங்களிடம் வரும்போது

படைவிலகல் சான்று, ராணுவ மருத்துவக் குழுவின் அறிக்கை, ராணுவ மருத்துவமனைகளில் பெற்ற சீட்டுகள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். இல்லாதவற்றைப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்குப் படை எண்ணுடன் எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அவ்வலுவலகம் நீலகிரி வெலிங்டனிலும், பீரங்கிப் படைக்கு நாசிக்கிலும் உள்ளது. எந்த ஆண்டில் எங்கே, என்ன பணி செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிவாருங்கள். வீட்டார் கவனித்தவையும் எங்களுக்கு வேண்டும். விடுப்பில் வந்த காலத்திலேயே அழைப்பைக் கேட்காமல் இருந்தாரா, காதில் இரைச்சல் என்று சொன்னாரா என்பதை மனைவியோ மக்களோதான் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்த ஹவில்தாரின் மகள், வீட்டிலிருந்த தகரப் பெட்டியைத் தேடி, அவருடைய பணிக்காலத்தில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் எடுத்த வரைபடத்தைக் கொண்டுவந்தார். 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அதையும் அவர் பீரங்கிகளின் அருகே பணியாற்றிய ஆண்டுகளையும் இன்றைய பரிசோதனையையும் இணைத்து, இம்முறை இரண்டு பக்கங்களில் எங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தோம். அவருடைய மேல்முறையீடு இப்போது பரிசீலனையில் உள்ளது. முடிவு எங்கள் கையில் இல்லை. ஆனால் அவருடைய கோரிக்கை இப்போது காரணங்களுடன் சென்றிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இவ்வாறு ஒரு பெட்டி இருக்குமானால், எங்களிடம் வருவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.